லேசான லேப்டாப்பா, மெல்லிய லேப்டாப்பா?

அக்கா மகளுக்குக் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அடுத்த வாரமே போன். “மாமா, ஸ்லிம்மா, வெயிட்டே இல்லாம ஒரு லேப்டாப் பார்த்துச் சொல்லுங்க.” அவள் மனதில் இரண்டும் ஒரே விஷயம். கடைகளிலும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று அவளுக்குக் காட்டுவதற்காக, வீட்டில் கைக்கு எட்டிய மூன்று லேப்டாப்களையும் அதனதன் சார்ஜரோடு எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி வெல்ல டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டுத் தராசைக் கொடுத்தார்.

முதலில் அவள் அண்ணன் விளையாடும் 15.6 இஞ்ச் கேமிங் லேப்டாப். 2 கிலோ 310 கிராம். அதன் சார்ஜர் மட்டும் 620 கிராம். செங்கல் போல இருக்கும். இரண்டும் சேர்ந்து 2 கிலோ 930. அடுத்தது என் அலுவலகத்தில் கொடுத்த 14 இஞ்ச் சாதாரண லேப்டாப். சார்ஜரோடு 1 கிலோ 740. கடைசியாக, ஃபேனே இல்லாத என்னுடைய மெல்லிய லேப்டாப். சார்ஜரோடு 1 கிலோ 450.

முதலாவதை விட்டு இரண்டாவதுக்கு வந்தால் தோளில் 1 கிலோ 190 கிராம் குறைகிறது. தினமும் பை தூக்குகிறவருக்கு அது பெரிய விஷயம். இரண்டாவதை விட்டு மூன்றாவதுக்கு வந்தால் குறைவது 290 கிராம்தான், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்ட மாதிரி. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றாவது பாதி தடிமன்கூட இல்லாதது போலத் தெரிகிறது. விலையும் அதற்குத்தான் ஏறுகிறது.

எடை குறைந்தால் பலன் தெரியும். படி ஏறும்போது தெரியும், பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது தெரியும். ஆனால் 18 மில்லிமீட்டர் 11 ஆனதால் பைக்குள் என்ன வந்துவிடப் போகிறது? இன்னொரு நோட்டு வைக்கலாம். அந்த ஏழு மில்லிமீட்டருக்காக உள்ளே எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று பார்த்தால்தான் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.

இந்த மெலிவுப் போட்டியைத் தொடங்கி வைத்தது 2008 ஜனவரியில் வந்த ஆப்பிளின் முதல் மேக்புக் ஏர். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு அலுவலக உறைக்குள்ளிருந்து அதை உருவி எடுத்துக் காட்டினார். எடை 1.36 கிலோ. மிகத் தடித்த இடத்தில் 19.4 மில்லிமீட்டர், விளிம்பில் 4 மில்லிமீட்டர். டிவிடி டிரைவ் கிடையாது, லேன் போர்ட் கிடையாது, யூஎஸ்பி ஒன்றே ஒன்று. 2 ஜிபி ரேமை, அதாவது வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் தற்காலிக நினைவகத்தை, போர்டோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். பேட்டரியைக் கழற்ற முடியாது. அன்றைக்கு அதையெல்லாம் குறையாகத்தான் சொன்னார்கள். 2011-ல் இன்டெல் இப்படிப்பட்ட மெல்லிய லேப்டாப்களுக்கு அல்ட்ராபுக் என்ற பெயரை அறிவித்த பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. இப்போது அவை குறையாகவே யாருக்கும் படுவதில்லை.

மெலிவும் எடையும் வேறு என்பதற்கு அந்த ஏர் வரிசையே நல்ல உதாரணம். ஆப்பிளின் சொந்த எம்1 பிராசஸரோடு 2020-ல் வந்த எம்1 ஏர் தடித்த இடத்தில் 16.1 மில்லிமீட்டர், எடை 1.29 கிலோ. 2022-ல் வந்த எம்2 ஏர் வடிவத்தை மாற்றிக்கொண்டு 11.3 மில்லிமீட்டராக வந்தது. எடை? 1.24 கிலோ. ஐந்து மில்லிமீட்டர் குறைந்ததில் தோளுக்கு மிஞ்சியது 50 கிராம்.

சரி, மெலிவதால் முதலில் அடிபடுவது எது? சூட்டை வெளியேற்றும் வழி. பிராசஸர் சாப்பிடும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை ஒரு செம்புக் குழாய் வாங்கி ஓரத்தில் இருக்கும் தகடுகளுக்குக் கொண்டுபோகும். ஃபேன் அதைக் காற்றோடு வெளியே தள்ளும். தடிமன் குறைந்தால் தகடும் குட்டை, ஃபேன் இறக்கையும் குட்டை. குட்டை இறக்கை அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வேகமாகச் சுற்ற வேண்டும். மெல்லிய விண்டோஸ் லேப்டாப்கள் சில நேரம் கீச்சென்று கத்துவது இதனால்தான். அல்லது தயாரிப்பவர்கள் பிராசஸருக்குப் போகும் மின்சாரத்தையே குறைத்துவிடுவார்கள்.

கடையில் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். இன்டெல் கோர் அல்ட்ரா 7 155யூ என்றும் 155ஹெச் என்றும் இரண்டு உண்டு. பெயரில் கடைசி எழுத்தைத் தவிர எல்லாம் ஒன்று. யூ என்பது மெல்லிய லேப்டாப்புக்கானது. 15 வாட்டை ஒட்டி வேலை செய்ய வடிவமைத்தது. அதில் வேகமான பெரிய கோர், அதாவது பிராசஸருக்குள் வேலையைச் செய்யும் பகுதி, இரண்டுதான். ஹெச்சில் ஆறு. இரண்டிலும் வேர்டு திறந்தால் வித்தியாசமே தெரியாது. அரை மணி நேரம் வீடியோ ரெண்டர் போட்டால் தெரியும். “அல்ட்ரா 7 சார்” என்று விற்பனையாளர் சொன்னால், “கடைசி எழுத்து என்ன?” என்று கேளுங்கள்.

ஃபேனே இல்லாத லேப்டாப்பில் கணக்கு இன்னும் வேறு. அலுமினிய உடம்புதான் சூட்டை வாங்கிக் காற்றில் விடுகிறது. சத்தமே இல்லை, தூசி உள்ளே போக வழியும் இல்லை. நம் ஊரில் இந்தத் தூசி விஷயம் பெரிய நன்மை. நாலு வருடம் ஓடிய ஃபேன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை போலத் தூசி அடைந்திருக்கும். ஆனால் உடம்பு சூட்டை விட வேண்டுமென்றால் வெளிக்காற்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மேக்புக் ஏரை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ, ஏசி இல்லாத மொட்டை மாடி அறையில் மதியம் இரண்டு மணிக்கு எத்தனை டிகிரி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டில் மாடி அறையில்தான் வேலை. குளிர்காலத்தில் ஒரு மணி நேர வீடியோவை வெட்டி முடித்து ஃபைலாக எடுக்க ஆகும் நேரத்தைவிட மே மாதத்தில் அதே வேலைக்குக் கூடுதல் நேரம் ஆகும். லேப்டாப் கெட்டுப்போவதில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கீபோர்டுக்கு மேலே உள்ள பட்டையில் கை வைத்தால் தோசைக்கல் சூடேறத் தொடங்கும்போது இருப்பது போல இருக்கும். எழுதுவது, படிப்பது, மீட்டிங், எக்செல், இதற்கெல்லாம் அது ஒரு பிரச்சினையே இல்லை. தொடர்ந்து சுமை கொடுக்கிற வேலைக்குத்தான் பிரச்சினை.

அடுத்தது ரேம். இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். போன வருடம் தெரிந்தவர் ஒருவர், “8 ஜிபி போதவில்லை, 16 ஆக்கித் தாருங்கள்” என்று தன் மெல்லிய லேப்டாப்போடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கடைத் தம்பி பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, போர்டில் ஒரு இடத்தைச் சுட்டிக் காட்டினார். நகத்தளவு கறுப்புச் சில்லுகள் நான்கு, பிராசஸருக்குப் பக்கத்திலேயே, போர்டோடு ஒட்டிக் கிடந்தன. “இதுதாண்ணே ரேமு. ஸ்லாட்டே கிடையாது. எங்க போடுறது?” மூடியைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை.

இது வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட முடியாது. இந்த வகை ரேம் குறைந்த மின்சாரத்தில் அதிக வேகத்தில் ஓடுவது. அதற்குப் பிராசஸரும் ரேமும் நெருக்கமாக இருக்க வேண்டும். நடுவே ஸ்லாட் வந்தால் தூரமும் கூடும், உயரமும் கூடும். பேட்டரி நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2024-ல் வந்த இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் போர்டில்கூட இல்லை, பிராசஸர் பொட்டலத்துக்குள்ளேயே போய்விட்டது. 16 அல்லது 32, அவ்வளவுதான் தேர்வு. ஆப்பிள் எம் வரிசையிலும் ரேம் அப்படித்தான் உள்ளேயே இருக்கிறது. மெல்லிய ரேமையும் கழற்றி மாட்டும்படி ஒரு புது வகை 2024-ல் வந்திருக்கிறது. மிகச் சில மாடல்களில்தான் கிடைக்கிறது.

ஆக, மெல்லிய லேப்டாப் வாங்கும் நாளன்றே, ஐந்தாவது வருடம் தேவைப்படப் போகும் ரேமுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். ஆப்பிளே 2024 அக்டோபரில் ஏரின் அடிப்படை ரேமை 8-லிருந்து 16 ஆக்கிவிட்டது. யாராவது ஒட்டின ரேம் 8 ஜிபியோடு “ஆஃபர்” என்று காட்டினால் வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கீபோர்டும் மெலிவுக்குப் பலியான ஒன்றுதான். 2015-ல் வந்த 12 இஞ்ச் மேக்புக் 13.1 மில்லிமீட்டர், 920 கிராம். கையில் எடுத்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அந்த மெலிவுக்காகக் கொண்டுவந்த பட்டர்ஃபிளை கீபோர்டில், விசை அழுந்தும் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு தூசித் துகள் போனாலே விசை சிக்கிக்கொள்ளும், அல்லது ஒரு எழுத்து இரண்டாக விழும். 2018-ல் ஆப்பிள் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது. 2019 கடைசியிலிருந்து பழைய முறைக்கே திரும்பியது. 2022-ல் அமெரிக்காவில் 5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இப்போதைய கீபோர்டுகள் நன்றாகவே இருக்கின்றன. இருந்தாலும், நாள் முழுக்கத் தமிழ் தட்டுகிறவர் என்ற முறையில் சொல்கிறேன்: கடையில் நின்று ஒரு பக்கமாவது தட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். விரல் நுனி மேசையில் தட்டுவது போல வலித்தால், அது நாளுக்கு நாள் பழகிப் போகாது.

மூடிக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடமே இல்லாததும் கவனிக்க வேண்டிய விஷயம். கேமராவை மறைக்க ஒட்டும் பிளாஸ்டிக் மூடி இருந்தால் லேப்டாப்பை மூட வேண்டாம், திரை உடையலாம் என்று 2020-ல் ஆப்பிள் எச்சரித்தது. அச்சடிக்கும் தாளின் தடிமனைவிட, அதாவது 0.1 மில்லிமீட்டரைவிட, அதிகமாக எதுவும் இருக்கக் கூடாது என்று சொன்னார்கள். அப்படியென்றால் கீபோர்டு மேல் மறந்து வைத்த பென் டிரைவின் கதி? ஹாஸ்டலில் கட்டில்மேல் போட்டு வைத்து அதன்மேல் யாராவது உட்கார்ந்தால்?

பேட்டரியில் மெல்லியவை பொதுவாக முன்னால் நிற்கின்றன. எம்1 ஏருக்கு 15 மணி நேரம் இணையம் பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னது; நம் கையில் அது குறைந்தாலும் ஒரு நாள் வேலை தாராளமாக ஓடும். கேமிங் லேப்டாப்பை சார்ஜர் இல்லாமல் இரண்டு பீரியட் உட்கார வைக்க முடிந்தால் பெரிய விஷயம். ஆனால் பேட்டரி வீங்கினால் என்ன ஆகும் என்பதில் மெல்லியவை பலவீனம். எனக்கு இதற்கு முன் இருந்த மெல்லிய லேப்டாப்பில் மூன்றாம் வருடம் டச்பேட் அழுந்தாமல் போனது. டச்பேட் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு மாதம் மவுஸ் வைத்து ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் மேசையில் வைத்தபோது லேப்டாப் லேசாக ஆடியது. குனிந்து பார்த்தால் அடி மூடி நடுவில் உப்பியிருந்தது. உள்ளே பேட்டரிப் பைகள் தலையணை மாதிரி ஊதி, டச்பேடைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தன. தடித்த லேப்டாப்பாக இருந்தால் உள்ளே கொஞ்சம் வெற்றிடமாவது இருக்கும். எப்போதும் 100 சதவீதத்தில் சொருகியே வைத்திருந்ததும், சூடான மாடி அறையும் சேர்ந்து செய்த வேலை அது. இப்போது பெரும்பாலான லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள். வீங்கியது தெரிந்தால் உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அழுத்தியோ குத்தியோ பார்க்கவே கூடாது.

போர்ட் குறைவு என்பது பழகிவிடும். ஒரு ஹப் வாங்கிப் பையில் போட்டால் பிரொஜெக்டர், பென் டிரைவ், லேன் எல்லாம் ஓடும். அதன் எடையையும் தராசில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அக்கா மகளின் விஷயம். பட்ஜெட் ஒரு லட்சத்துக்குள். கையில் மூன்று வழி: மேக்புக் ஏர், 14 இஞ்ச் சாதாரண விண்டோஸ் லேப்டாப், கேமிங் லேப்டாப்.

பொருளாக மட்டும் பார்த்தால் ஏர்தான் மூன்றிலும் சிறந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எம்4 ஏர் 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்தது. திரை 500 நிட்ஸ் வெளிச்சம், ஸ்பீக்கர், டச்பேட், பேட்டரி எல்லாமே ஒரு படி மேல். பி.காம்., சட்டம், இதழியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளை என்றால் யோசிக்காமல் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் மெக்கானிக்கலில் சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் போன்ற டிசைன், சிமுலேஷன் மென்பொருள்கள் எல்லாம் வரும். அவை மேக்கில் ஓடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஆட்டோகேடுக்கும் மேட்லேபுக்கும் மேக் பதிப்பு உண்டு என்று சமாதானம் சொல்லலாம். மூன்றாம் வருடம் அந்தச் சமாதானம் போதாது. இதே காரணத்தால், போனில் வரும் வகைப் பிராசஸரான ஸ்னாப்டிராகன் போட்ட மெல்லிய விண்டோஸ் லேப்டாப்களையும் ஒதுக்கிவிட்டோம். ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய பிரிண்டர் இவற்றுக்கான டிரைவர் அந்தப் பிராசஸருக்கென்று தனியாக இருந்தால்தான் வேலை செய்யும். இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேமிங் லேப்டாப்பை அவள் அண்ணன் சிபாரிசு செய்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் பெரிய டிசைன்கள் சரளமாகச் சுழலும், உண்மைதான். ஆனால் அவள் ஹாஸ்டல் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. வகுப்புக்கு மூன்று கிலோ தினமும் ஏறி இறங்க வேண்டும். கனத்த சிமுலேஷனுக்குக் கல்லூரி லேபில் கம்ப்யூட்டர் இருக்கிறது. லேபே இல்லாத இடத்தில் படிப்பவர், அல்லது அறையை விட்டு லேப்டாப்பை நகர்த்தாதவர் என்றால் கேமிங் லேப்டாப் சரியான முடிவு. இவளுக்கு இல்லை.

மிஞ்சியது நடுவில் இருப்பது. திங்க்பேட் ஈ14 ஆறாம் தலைமுறை போன்ற லேப்டாப்களைப் பார்த்தோம். எடை 1.44 கிலோவில் தொடங்குகிறது. இன்டெல் மாடலில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இரண்டு ஸ்லாட், முழு அளவு லேன் போர்ட், ஹெச்டிஎம்ஐ. ஒரு ஸ்குரூடிரைவர் போதும், எல்லாம் கழற்றலாம். குறை இல்லாமல் இல்லை. அடிப்படைத் திரை 300 நிட்ஸ்தான், நிறமும் மங்கல். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டும். பிளாஸ்டிக் உடம்பு ஏரின் பக்கத்தில் வைத்தால் ஏழையாகத் தெரியும். என் அலுவலக லேப்டாப்பும் இதே ரகம். பேட்டரி ஆறு ஏழு மணி நேரம்தான் தாங்கும். கடையில் அவள் கண் ஏர் மேலேயே இருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அவளிடம் எதையும் திணிக்கவில்லை. இரண்டையும் ஒவ்வொரு கையில் கொடுத்து, அரை மணி நேரம் தட்டிப் பார்க்கச் சொன்னேன்.

கடைசியில் அவளே 14 இஞ்சைத்தான் எடுத்தாள். ஹெச் எழுத்து பிராசஸர், ஒரே ஸ்லாட்டில் 16 ஜிபி ரேம், பக்கத்து ஸ்லாட் காலி. பில் போடும் முன் கடைக்காரரிடம் பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி, அந்தக் காலி ஸ்லாட்டைத் தானே பார்த்து உறுதி செய்துகொண்டாள். மூன்றாம் வருடம் சிமுலேஷன் பாடம் வரும்போது அதில் இன்னொரு 16 போடுவதாகத் திட்டம். மிச்சமான பணத்தில் நல்ல பை ஒன்றும், ஹாஸ்டல் அறைக்கு ஒரு 22 இஞ்ச் மானிட்டரும் வாங்கினோம்.